ரோஸ்லின் நடக்கும் தூரம்

ஜூன் 11

பி.டி. டீச்சருக்கு எதற்குப் பாடக் குறிப்பு நோட்டு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கணக்கு டீச்சருக்கு ஒன்று கொடுக்கும்போது எனக்கும் ஒன்று கொடுத்துவிடுகிறார்கள். இப்படி ஒன்பது வருடத்து நோட்டுகள் வீட்டுப் பரணில் காலியாகக் கிடக்கின்றன. இந்த வருடத்து நோட்டில் எழுதுவது என்று தீர்மானித்துவிட்டேன். எங்கள் பள்ளியில் இந்த வருடம் ஒரு பெரிய காரியம் நடக்கப் போகிறது, அதை எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்களுடையது தாழம்பூண்டி அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறிலிருந்து பத்து வரை. பிளஸ் ஒன் படிக்க வேண்டுமென்றால் ஏரிக்கு அந்தப் பக்கம் இலுப்பைக்கரணை மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். போன வருடம் முப்பத்தோரு பெண்கள் பத்தாவது தேறினார்கள். இலுப்பைக்கரணையில் போய்ச் சேர்ந்தவர்கள் பதின்மூன்று பேர். மற்ற பதினெட்டுப் பேரில் பாதிப் பேரைக் காலையில் பேக்கிங் கம்பெனி வேன் ஜன்னலில் பார்க்கிறேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஏதோ அவர்கள் தப்பு செய்த மாதிரி! எனக்கு அப்படியொரு கோபம் வருகிறது.

இந்த முறை எங்கள் பள்ளியைத் தரம் உயர்த்தச் சொல்லி ஹெச்.எம். தில்ஷாத் மேடம் கோப்பு அனுப்பியிருக்கிறார். பிள்ளைகள் இருக்கிறார்கள், கட்டடம் இருக்கிறது, மைதானம் என் புண்ணியத்தில் பிரமாதமாக இருக்கிறது. மிச்சம் ஒரே ஒரு நிபந்தனைதான். ஐந்து கிலோமீட்டருக்குள் வேறு மேல்நிலைப் பள்ளி இருக்கக் கூடாது. அதை அளக்க நாளை கல்வி அலுவலகத்திலிருந்து கண்காணிப்பாளர் வருகிறார்.

ஜூன் 12

கண்காணிப்பாளர் சபாபதி சார் வந்தார். மேடம் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்ததால் வரவேற்பு என் பொறுப்பு. வெயிலென்றால் வெயில், மண்டையைப் பிளந்தது. பைபாஸில் அவருடைய ஜீப் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட, மனிதர் பள்ளி வரை நடந்தே வந்து சேர்ந்தார். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் வேறு. முகம் சிவந்து, பேச்சு வராமல் நாற்காலியில் உட்கார்ந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

பிறகு என் ஸ்கூட்டியிலேயே பின்னால் உட்காரவைத்து இலுப்பைக்கரணை பள்ளி வாசல் வரை கூட்டிப்போய்க் காட்டினேன். வெயிலில் அவரை அதிகம் வாட்டாமல் பத்தே நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். மீட்டரைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி மேடம். இல்லேன்னா இந்த வெயிலுக்கு நான் மயங்கியே விழுந்திருப்பேன்" என்றார். நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கூட்டிக்கு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். சக்கரம் முழுக்க வெள்ளைப் புழுதி.

ஜூன் 13

இளநீர் கொடுத்து நன்றாகக் கவனித்தாயாமே என்று மேடம் பாராட்டினார். எனக்கு ஒரே பெருமை.

ஜூலை 4

பத்தாம் வகுப்பு பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் இந்த வாரமும் வாங்கிக்கொண்டார். கணக்கு வராத பிள்ளைகளுக்கு ஓட்டமும் வரக் கூடாது என்று ஏதாவது அரசாணை இருக்கிறதா?

பள்ளி விட்டதும் ரோஸ்லினை மட்டும் நிறுத்தி 800 மீட்டர் ஓடவிட்டேன். 2 நிமிடம் 41 விநாடி. அந்தப் பெண்ணுக்கு ஷூ கிடையாது. பத்தாவது முடித்துப் பிளஸ் ஒன்னும் விளையாட்டும் சேர்ந்து அமைந்தால் அவள் எங்கேயோ போவாள். இந்த ஊரில் யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 18

கோப்பு திரும்பி வந்துவிட்டது.

மேடம் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளி 3.7 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளதால் கருத்துரு ஏற்கப்படவில்லை." பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி சகாயராணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரோஸ்லினின் அம்மா. பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை வைத்திருக்கிறார், சும்மா பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும்.

"மூணே முக்காலா? இன்னா மேடம் இது? எங்க புள்ளைங்க பறந்தா போவுது? பைபாஸைச் சுத்தினா ஆறுக்கு மேல ஆவும்!"

"ஏரிக்குள்ள போயிருக்காரும்மா" என்றார் மேடம். "ஜூன் மாசம் ஏரி காஞ்சு கிடந்தது இல்ல, அந்த வண்டித் தடத்துல. நவம்பர்ல அது கழுத்தளவு தண்ணி."

"எவன் காட்டினான் அந்த ஆளுக்கு அந்த வழிய? அவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும்!"

மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை இந்த ஊரில் எல்லாருமே அந்த வழியில்தான் போகிறார்கள். பால்காரர், தபால்காரர், கல்யாண ஊர்வலம் உள்பட. அதை இங்கே யாரும் குறுக்கு வழி என்றுகூடச் சொல்வதில்லை, வழி என்றுதான் சொல்வார்கள். இதை நான் எடுத்துச் சொன்னேன். சகாயராணி காதில் வாங்கவில்லை.

"ஜீப் டிரைவர் யாரையாவது கேட்டுட்டுப் போயிருப்பான். பொறுப்பில்லாத ஜனங்க" என்றார் மேடம்.

ஆமாம் மேடம் என்றேன். அரை மணி நேரம் மூன்று பேரும் சேர்ந்து அந்த ஆபீசைத் திட்டினோம். நான்தான் அதிகம் திட்டினேன்.

செப்டம்பர் 19

தலைவலி. மாத்திரை போட்டும் போகவில்லை.

செப்டம்பர் 26

சகாயராணி கடையில் இட்லி வாங்கப் போனேன். பார்சல் கட்டிக்கொண்டே சொன்னார்.

"ரோஸ்லினுக்கு இன்னும் சொல்லல மிஸ். பத்தாவது முடிஞ்சதும் என் தங்கச்சி வேலை செய்யிற பேக்கிங் கம்பெனியில சேத்து வுட்டுடலாம்னு இருக்கேன். மழை காலத்துல அந்த பைபாஸ்ல ஓரம்னு ஒண்ணே கெடையாது. லாரி உரசிக்கினு போவுது. பொட்டப் புள்ளைய தெனமும் அனுப்பிட்டு நான் இங்க எப்படி இட்லி ஊத்துவேன்?"

பஸ் என்றேன்.

"ஒம்போதே காலுக்கு ஒண்ணு வருது. வந்தா வருது. நிறுத்தினா நிறுத்துறான்." பார்சலை நீட்டினார். "உங்க ஸ்கூலுக்கே பன்னண்டாவது வந்துடும்னு நம்பி இருந்தேன். போச்சு."

சட்னி எனக்கு உறைக்கவில்லை. எல்லாமே சப்பென்று இருந்தது.

அக்டோபர் 6

ஞாயிறு. இன்று ஒரு வேலை செய்தோம்!

மைதானம் அளக்கிற என் ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு, ரோஸ்லினையும் பத்தாம் வகுப்பில் இன்னும் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு, எங்கள் பள்ளி வாசலிலிருந்து இலுப்பைக்கரணை பள்ளி வாசல் வரை சாலையை அளந்தே விட்டோம். ஏரிக்கரை, பஞ்சாயத்து ரோடு, பிறகு பைபாஸ். ஒருத்தி நுனியைப் பிடிக்க, ஒருத்தி இழுக்க, ஒருத்தி சுண்ணாம்புக் கோடு போட, ரோஸ்லின் எண்ணினாள். மேடம் குடை பிடித்துக்கொண்டு லாரிகளைக் கைகாட்டி ஒதுக்கினார். ஐம்பத்தேழு வயதில் அப்படியொரு தோரணை. போக்குவரத்துப் போலீஸ்கூடத் தோற்றுவிடும்.

வழியில் ஏரியை ஒட்டி இரண்டு வருடத்துக்கு முன் கட்டிய வில்லாக் குடியிருப்பு இருக்கிறது. பெரிய சுவர், பெரிய கேட். கேட் பக்கத்தில் நிழலில் தண்ணீர் குடிக்க நின்றோம். வாட்ச்மேன் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றோம்.

நூற்று இருபத்திரண்டு டேப். அதாவது ஆறு கிலோமீட்டர் நூறு மீட்டர். ரோஸ்லின் கடைசி எண்ணைக் கத்தியபோது இலுப்பைக்கரணை பள்ளியின் மதிலில் தூங்கிய பூனை எழுந்து ஓடியது.

அக்டோபர் 14

மேடம் எங்கள் அளவை எடுத்துக்கொண்டு கல்வி அலுவலகம் போய்விட்டு வந்தார். முகம் சரியில்லை.

பி.டி. டீச்சர் டேப் பிடித்தால் செல்லாதாம். மறு ஆய்வு வேண்டும். முதல் அறிக்கை தப்பு என்று காரணம் காட்டினால்தான் மறு ஆய்வு. சபாபதி சார் தன் அறிக்கை தப்பு என்று தானே எழுதினால் அவருக்கு மெமோ.

"அவரே சொன்னாருமா. 'பள்ளியில ஒருத்தர் காட்டின வழியில போனேன் மேடம், அது சாலையில்லைன்னு எனக்குத் தெரியாது. அவங்க பேரை நான் சொல்ல மாட்டேன். அவங்களே எழுதிக் கொடுத்தா நாளைக்கே கோப்பு வைக்கிறேன்'னாரு."

மேடம் என்னைப் பார்த்தார். என்னை மட்டுமில்லை, ஆசிரியர் அறையில் எல்லாரையும்தான் பார்த்தார்.

"வேதவல்லி, நம்ம ஸ்கூல் ஆளாம். என்னால நம்பவே முடியல."

கோகோ வலை கிழிந்திருந்தது. தைக்கப் போய்விட்டேன். கோகோவுக்கு வலையே கிடையாது, வாலிபால் வலை. என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை.

அக்டோபர் 15

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை என்று பதினேழு-ஏ மெமோ வரும். பிப்ரவரியில் உடற்கல்வி இயக்குநர் பதவி உயர்வுப் பட்டியல். எட்டு வருடமாகக் காத்திருக்கிறேன். இந்த முறை வரிசையில் எனக்கு ஆறாவது இடம். மெமோ இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

தவிர, அந்த வழியில் யார் போனாலும் பத்து நிமிடம்தான். யார் காட்டியிருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பார்கள். கணக்கு டீச்சரும் அதைத்தான் காட்டியிருப்பார். இதில் குறிப்பிட்டு ஒருவர் பெயரை எழுத என்ன அவசியம்?

இதை எழுதிய பிறகும் தலைவலி போகவில்லை.

அக்டோபர் 16

மழை பிடித்துக்கொண்டது. ஏரியின் பள்ளங்களில் தண்ணீர் தேங்க ஆரம்பித்துவிட்டது.

மழை விட்ட இடைவெளியில் ரோஸ்லின் மைதானத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. சேறெல்லாம் முழங்கால் வரை. கூப்பிட்டுத் திட்டினேன், வழுக்கி விழுந்தால் கால் போய்விடும் என்று.

"மிஸ், நம்ம கிரவுண்டு முப்பது ரவுண்டு ஓடினா ஆறு கிலோமீட்டர்தானே?"

"ஆமா. அதுக்கு?"

"இன்னைக்கு இருபத்தேழு ஓடிட்டேன். வேன் வேணாம், பஸ் வேணாம். ஓடியே போய்ட்டு ஓடியே வந்துடறேன்னு எங்கம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா மிஸ்? நீங்க சொன்னா கேப்பாங்க."

அப்படியானால் கம்பெனி விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "மிச்சம் மூணு ரவுண்டையும் ஓடிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு நின்றாள். மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் அழுகை ஒன்றும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் போகச் சொன்னேன். உபகரண அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 17

சொல்லிவிட்டேன்.

மேடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே நின்று ஒரே மூச்சில் சொன்னேன். சபாபதி சாரை ஏரிக்குள் கூட்டிப் போனவள் நான்தான். அவர் முகம் சிவந்திருந்தது, வெயில் கொளுத்தியது, விருந்தாளியாக வந்த அதிகாரியைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் புத்தியில் இருந்தது. ஐந்து கிலோமீட்டர் என்ற நினைப்பே வரவில்லை. கோப்பு திரும்பி வந்த அன்றைக்குத்தான் வந்தது.

மேடம் பேனாவை மூடினார்.

"ஒரு மாசமா, வேதா! ஒரு மாசமா எங்கூட உக்காந்து எல்லாரையும் திட்டினியே. ஜீப் டிரைவரை நான் பொறுப்பில்லாதவன்னு சொன்னேன், நீ ஆமாம் மேடம்னே."

"ஆமாம் மேடம்."

"இப்பவும் ஆமாம் மேடம்ங்கிற!"

அவர் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்து வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நான் எழுதி வந்திருந்த கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

தலைவலி இல்லை.

அக்டோபர் 18

மேடம் என்னோடு பேசவில்லை. கடிதத்தில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தி, முத்திரை வைத்து, அனுப்பிவிட்டார்.

அக்டோபர் 22

சகாயராணியிடமும் நானே போய்ச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாலு தெருவுக்குக் கேட்கும் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

"சொல்லிட்டீங்க இல்ல. போங்க. போயி ஆவுற வேலையப் பாருங்க" என்றார். அவ்வளவு மெதுவாக அவரால் பேச முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

நவம்பர் 8

எனக்கு மெமோ வந்தது. அதே தபாலில் மறு ஆய்வுக்கு உத்தரவும் வந்தது. நவம்பர் இருபது. இரண்டையும் மேடம்தான் பிரித்தார். மெமோவை என்னிடம் நீட்டி, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

நவம்பர் 20

கை வலிக்கிற வரைக்கும் எழுதப் போகிறேன்.

காலையில் தூறல். ஏரி ததும்பி நின்றது, கரைக்கு அரை அடிதான் பாக்கி. மனசுக்குள் அந்த ஏரிக்கு நூறு தடவை நன்றி சொன்னேன். சபாபதி சார் ஜீப்பில் வந்து இறங்கினார். நான், மேடம், சகாயராணி, பையைத் தோளில் மாட்டிய ரோஸ்லின், நான்கு பேரும் நின்றோம்.

அவர் கரையில் ஏறித் தண்ணீரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மேடம், அன்னைக்கு நாம இதுக்குள்ளயா போனோம்?"

"ஆமா சார். நட்டநடு ஏரியில."

சகாயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காரியம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது சபாபதி சார் போனை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. மேப்புல ஏரியை விட்டுட்டு இன்னொரு வழி காட்டுது. நாலு புள்ளி ஆறு கிலோமீட்டர். அந்த வில்லாவுக்குள்ள ஒரு ரோடு போகுதே. அஞ்சுக்குக் குறைச்சல். இதைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட முடியாது."

நாங்கள் ஜீப்பில் அவரோடு ஏறினோம்.

வில்லாக் குடியிருப்பின் கேட் முன்னால் ஜீப் போய் நின்றது. வாட்ச்மேன் அரசாங்கப் பலகையைப் பார்த்தார். விறைப்பாக ஒரு சல்யூட். "வாங்க சார், வாங்க!" என்று ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்தார். மழையில் நனைந்துகொண்டு ஓரமாக நின்று, ஜீப்புக்குள் இருக்கிற எங்களுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார்.

நாலு புள்ளி ஆறு. திறந்த கேட்டுக்குள் தெரிந்த சிமென்ட் ரோடு வழுவழுவென்று இலுப்பைக்கரணையைப் பார்த்துப் போனது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் கியரைப் போட்டார்.

அந்த வாட்ச்மேனைப் பார்த்தபோது எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்தது. அதே பரபரப்பு, அதே மரியாதை. வந்தவர் அதிகாரி, அவருக்கு வழியைச் சுருக்கிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். டிரைவர் பயந்து பிரேக் போட, மேடத்தின் தலை முன் சீட்டில் இடித்தது.

"சார், இந்தக் கேட்டு உங்களுக்குத் திறக்குது. நீங்க பிளஸ் ஒன் சேரப் போறதில்ல. ஜீப்பைப் பின்னால எடுத்து அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்துல நிறுத்தச் சொல்லுங்க. ரோஸ்லின் மட்டும் போகட்டும். நீங்க சத்தம் போடாம பாருங்க."

அதிகாரியிடம் இப்படிப் பேசக் கூடாது. ஏற்கெனவே ஒரு மெமோ கையில் இருக்கிறது. ஆனால் சபாபதி சார் டிரைவர் தோளைத் தட்டிப் பின்னால் எடுக்கச் சொன்னார். கேட் மூடிக்கொண்டது. பத்து நிமிடம் காத்திருந்தோம். அதற்குள் வாட்ச்மேன் தன் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

ரோஸ்லின் இறங்கினாள். பச்சைச் சீருடை, இரட்டைச் சடை, முதுகில் பை. சிறு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஒரு காலை வைத்தாள்.

"ஏய்! ஏய் பாப்பா! எங்க போற?"

"இலுப்பைக்கரணை ஸ்கூலுக்குண்ணா. இந்த வழியா போனா சீக்கிரம் போயிடலாம்."

"இது பொது வழி இல்லம்மா. உள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். வெளியாள விட்டா என் வேலை போயிடும். பைபாஸ் பக்கமா சுத்திப் போ, போ."

சபாபதி சார் குடையோடு மரத்தடியிலிருந்து வெளியே வந்தார். வாட்ச்மேன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ சார், உங்க பாப்பாவா? தெரியாம சொல்லிட்டேன் சார். நீ போம்மா, போம்மா உள்ள, தாராளமா போ!"

"அண்ணா, விடாதீங்க!" என்று நான் அலறினேன். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம், தயவுசெஞ்சு விட்டுடாதீங்க!"

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருட வாட்ச்மேன் வேலையில் இப்படி ஒரு கோரிக்கையை அவர் கேட்டிருக்க மாட்டார். சபாபதி சார் அவர் தோளில் கைவைத்து, "நீங்க உங்க வேலையச் சரியா செஞ்சீங்க. ஒரு தப்பும் இல்ல" என்றார். கேட்டில் மாட்டியிருந்த "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு ரோஸ்லினைக் கேட்டார்.

"இப்ப நீ எப்படிம்மா போவ?"

"சுத்திதான் சார்."

"சரி, நட. நான் பின்னால வரேன்."

ஜீப்பைத் திருப்பி எங்கள் பள்ளி வாசலுக்கே விடச் சொன்னார். அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தார். முழுத் தூரமும் நடந்தார்! மேடத்தையும் சகாயராணியையும் ஜீப்பில் வரச் சொன்னார், இரண்டு பேரும் மாட்டேன் என்று கூடவே நடந்தார்கள். பைபாஸில் ஒரு டேங்கர் லாரி சேற்றை வாரி எங்கள் ஐந்து பேர் மேலும் பாரபட்சமில்லாமல் அடித்தது. சபாபதி சாரின் குடை மடங்கி மேலே பார்த்தது. அதற்கப்புறம் அவர் ரோஸ்லினை இடது பக்கம் மாற்றிவிட்டு லாரி வரும் பக்கமாகத் தான் நடந்தார். நான்காவது கிலோமீட்டரில் அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இலுப்பைக்கரணை பள்ளி வாசலில் நின்று போனைப் பார்த்தார். 6.1. ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, நனைந்த தாளில் அங்கேயே எழுதினார். எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். "மாணவி ஒருவர் பள்ளிச் சீருடையில் நடந்து செல்லக்கூடிய ஒரே பாதையின் நீளம் ஆறு கிலோமீட்டர் நூறு மீட்டர்."

சகாயராணி அந்த இடத்திலேயே, பைபாஸ் லாரிகளையும் மீறி, "சேசுவே!" என்று ஒரு சத்தம் போட்டார். நிச்சயமாக எட்டுத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

நவம்பர் 21

ஐந்து பேருக்கும் ஜலதோஷம்.

பிப்ரவரி 13

பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. ஐந்தாவது பெயருக்குப் பிறகு ஏழாவது பெயரை ஆறாவதாக வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவை எனக்குத் தெரியும், நல்ல கைப்பந்துக்காரி. வாழ்த்துச் சொல்லி போன் செய்தேன்.

வாலிபால் வலை தைத்தேன். நிஜமாகவே கிழிந்திருந்தது.

ஏப்ரல் 4

மேடம் கையில் போனோடு மைதானத்துக்கு ஓடி வந்தார். ஓடி! ஒன்பது வருடத்தில் அந்த அம்மா ஓடி நான் பார்த்ததில்லை, ஓடும் முறையும் சரியில்லை. தரம் உயர்த்தப்படும் பள்ளிகளின் பட்டியல். பன்னிரண்டாவது பெயர்.

அரசு மேல்நிலைப் பள்ளி, தாழம்பூண்டி.

நான் விசிலை எடுத்து ஊதினேன். எதற்கு என்று தெரியாமலே பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். சொன்னேன். பிறகு யார் வரிசையில் நின்றார்கள்! கணக்கு டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்து, இந்த வாரம் பி.டி. பீரியட் எதையும் கேட்க மாட்டேன் என்றார்.

ஜூன் 5

பிளஸ் ஒன் சேர்க்கை. முதல் நாள்.

வேப்பமரத்தடியில் மேசை போட்டோம். மேடம் பதிவேட்டை விரித்தார். முதல் பெயர் ரோஸ்லின், அதில் யாருக்கும் பேச்சில்லை, விடிந்ததிலிருந்து சகாயராணி கடையைப் பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பத்தாவது தேறிய இருபத்தொன்பது பெண்களில் இருபத்தொன்பது பேரும் வந்துவிட்டார்கள். மேடம் எண்ணிக்கையை என்னிடம் காட்டினார். இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. நான் மறுபடி எண்ணச் சொன்னேன், கேட்க நன்றாக இருந்ததால்.

இதோடு முடிந்தது என்று பதிவேட்டை மூடப் போன நேரத்தில், பேக்கிங் கம்பெனி வேன் வந்து வாசலில் நின்றது. கதவு திறந்தது. போன வருடப் பெண்கள். ஒருத்தி, இரண்டு, மூன்று என்று ஏழு பேர் இறங்கினார்கள். கம்பெனிக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. இந்த முறை யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முன்னால் வந்தவள் ஆனந்தஜோதி, என் பழைய கபடி கேப்டன்.

"மிஸ், போன வருஷம் முடிச்சவங்க சேரலாமா?"

நான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மேடம்தான் பேசினார், அதுவும் குரலைக் கஷ்டப்பட்டு அதிகாரமாக வைத்துக்கொண்டு.

"சேரலாம். டி.சி. எங்கே?"

"டி.சி. உங்ககிட்டயேதான் இருக்கு மேடம். எங்கயும் சேரலையே, அதனால நாங்க வாங்கவே இல்ல."

மேடம் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு வருடமாக நூல் கட்டிக் கிடந்த டி.சி. கட்டோடு திரும்பி வந்து, உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏம்மா, டைம் ஆவுது, வந்து ஏறுங்க!" என்று கூப்பிட்டார்.

ஆனந்தஜோதி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போங்கண்ணா" என்றாள். "நாங்க வரல."